நீலம் மாறாத பொட்டலங்கள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு வெள்ளைச் சுவரின் புகைப்படத்திலிருந்து.

சென்ற மாதம் என் கேமராவைச் சுத்தம் செய்யக் கொடுக்கப் போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒடுக்கமான கடை. உள்ளே ஒரு மேஜை, ஒரு விளக்கு, ஒரு மனிதர். கேமராவை வாங்கியவர் எதையும் கழற்றவில்லை, என்ன கோளாறு என்றும் கேட்கவில்லை. எதிர்ச் சுவரை ஒரு படம் எடுத்தார். வெறும் சுவர். திரையை என் பக்கம் திருப்பினார். சுவரில் இல்லாத ஏழு சாம்பல் புள்ளிகள் படத்தில் இருந்தன.

"சுவத்துல இல்ல சார், உங்க கேமராவுக்குள்ள இருக்குற தூசி," என்றார். "நீங்க எடுத்த எல்லாப் படத்துலயும் இருந்திருக்கும். முகம், மரம்னு ஏதாவது இருந்தா கண்ணுக்குப் படாது. ஒண்ணுமே இல்லாத இடத்தை எடுத்தாத்தான் தெரியும்."

வீட்டுக்கு வந்து பழைய படங்களைப் பார்த்தேன். உண்மைதான். மகளின் பள்ளி விழாவில், கடலில், என் அக்காவின் முகத்தில், அதே ஏழு புள்ளிகள் அதே இடத்தில் இருந்தன. அக்காவின் கன்னத்தில் விழுந்திருந்ததை நான் மச்சம் என்றே நினைத்திருந்தேன். அவளுக்கு அங்கே மச்சம் கிடையாது என்பது கூடப்பிறந்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அன்று மாலையே எழுத உட்கார்ந்தேன். 'எல்லோருடைய தூசியையும் துடைத்த அவனுக்கு, தன்னுடைய —'

(இந்த வாக்கியம் அழகாக முடியப்போகிறது என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டேன். அழகாக முடியும் வாக்கியங்களிடம் எனக்கு ஒரு பயம் உண்டு. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். இந்தக் கதையில் எதையும் அடித்துத் துடைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். தொடங்கி நின்றுபோனவை நின்ற இடத்திலேயே கிடக்கும். வாசலில் கிடக்கும் செருப்பைத் தாண்டுவதுபோலத் தாண்டி வாருங்கள்.)

அந்தக் கடைக்காரரிடம் வேறு எதுவும் நான் கேட்கவில்லை. ஆகவே இனி வரும் ஆட்கள், அறைகள், பேச்சு எல்லாம் என் கற்பனை. ஒரே ஒரு வாக்கியத்தைத் தவிர.

2

தொடக்கம் ஒன்று: 'பஞ்சுவுக்கு வயது நாற்பத்திரண்டு. தொழில், கேமரா சுத்தம் செய்தல்.' விண்ணப்பப் படிவம் மாதிரி இருக்கிறது.

தொடக்கம் இரண்டு: 'லென்ஸ் என்பது ஒரு கண் —' ஐயோ, வேண்டவே வேண்டாம்.

தொடக்கம் மூன்று. இதை வைத்துக்கொள்வோம்.

பஞ்சுவுக்குக் கை அரித்தது. பதினோரு வருடமாக அரித்துக்கொண்டிருந்தது.

பஞ்சு என்பது பட்டப்பெயர். தையல்காரர் காதில் பென்சில் செருகுவதுபோல அவன் காதில் எப்போதும் ஒரு பஞ்சுக்குச்சி இருக்கும். சாப்பிடும்போதும் இருக்கும். உண்மையான பெயர் அவனுடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். அண்ணன் வீட்டு மாடியறையில் இருந்தான். அங்கேதான் வேலையும். ஊரில் கேமரா வைத்திருப்பவர்கள் எல்லோரும் அந்தப் படியேறி வருவார்கள். கல்யாணத்துக்குப் படம் எடுப்பவர்கள், பறவைகளின் பின்னால் அலைபவர்கள், மழையில் நனையவிட்டுவிட்டு அரிசிக்குள் புதைத்து எடுத்துக்கொண்டு வருபவர்கள். (அரிசியில் புதைக்காதீர்கள். மாவு உள்ளே போய்விடும். இதைப் பஞ்சு சொல்லச் சொன்னான்.)

கீழே முன்னறையில் அண்ணியின் ஸ்டூடியோ. ஒரு ஜன்னல், வெள்ளைத் திரை, ஒரு முக்காலி, மூன்று காலில் நிற்கும் கேமரா. அதில் அவள் இருபது வருடத்துக்கு மேலாக மாற்றாத ஒரே ஒரு பழைய லென்ஸ். அண்ணன் உள்ளறையில் உட்கார்ந்து படங்களை அச்சிட்டு ஓரம் வெட்டுவான்.

அண்ணி எடுக்கும் படங்கள் வேறு மாதிரி இருக்கும். நமக்கு நெருங்கியவர்களை நாம் தனியாக இருக்கும்போது நினைத்துப் பார்த்தால் எப்படித் தெரிவார்களோ, அப்படி. முகத்தைச் சுற்றி விடியற்காலைப் பனி போல ஒரு வெளுப்பு. இடது தோளில் அது கொஞ்சம் கூடுதலாக இருக்கும், யாரோ அங்கே கை வைத்திருந்துவிட்டு இப்போதுதான் எடுத்தாற்போல. படத்தை வாங்கிய யாரும் உடனே பையில் போட்டதில்லை. வாசலிலேயே நின்று இன்னொரு முறை பார்ப்பார்கள்.

"என்ன ரகசியம்?" என்று கேட்டால் அண்ணி வலது கையைத் தூக்கிக் காட்டுவாள். "எல்லாம் கைதான்."

வேலை செய்யும்போது அவள் அதிகம் பேசமாட்டாள். முக்காலியில் இருப்பவரிடம் எப்போதும் இதே நாலு வார்த்தைதான். "மூச்சை இழுக்காதீங்க. விடுங்க. இன்னும் கொஞ்சம் விடுங்க. இடது தோளை லேசா இறக்குங்க." பிறகு ஒரு சின்னச் சத்தம் கேட்கும். முடிந்தது.

பதினோரு வருடத்துக்கு முன் ஒரு திருகு தளர்ந்துவிட்டது என்று கேமராவை அவன் கையில் கொடுத்தாள். கொடுத்த அந்த அரை நிமிடத்தில் பஞ்சு லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டான். தொழில் பழக்கம். பின்பக்கக் கண்ணாடியின் ஓரத்திலிருந்து வெள்ளை நூல் நூலாகக் கிளை விட்டு உள்ளே படர்ந்திருந்தது. பூஞ்சை. ஈரத்தில் லென்ஸைப் பிடிக்கும் நோய் அது.

"அண்ணி, இதை ஒரு தடவை கழட்டித் துடைச்சு —"

"என் லென்ஸ் மேல யாரும் கை வைக்கக் கூடாது. திருகு போட்டாச்சுல்ல, குடு."

கொடுத்துவிட்டான். பூஞ்சை என்ற வார்த்தையை அவளிடம் அவன் சொல்லவில்லை. உங்கள் வீட்டுச் சமையலறையில் பல்லி விழுந்த பாத்திரம் இருக்கிறது என்று யாராவது அண்ணியிடம் சொல்வார்களா? பதினாலு வயதில் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து நின்ற அவனை ஏன் வந்தாய் என்று கேட்காமல் தட்டு வைத்தவள் அவள். அவன் பிரித்துப்போட்ட ரேடியோக்களைப் பார்த்து, திட்டாமல், கடையில் போய்ச் சின்னச் சின்னத் திருப்புளிகள் வாங்கி வந்தவளும் அவள்தான். ஆகவே அவன் வேறு வழி செய்தான். ஒவ்வொரு மழைக்காலமும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றை அவள் கையில் கொடுத்தான். பிளாஸ்டிக் உறைக்குள் நீல மணிகள். உறையைப் பிரித்து வைத்தால் ஈரத்தைக் குடித்துக் குடித்து ரோஸ் நிறத்துக்கு மாறிவிடும்.

"லென்ஸ் பக்கத்துல பிரிச்சுப் போட்டு வைங்க அண்ணி."

"சரிடா."

பதினோரு மழைக்காலம், பதினோரு 'சரிடா'.

3

அண்ணியின் தங்கை மகளுக்குக் கல்யாணம் என்று அண்ணனும் அண்ணியும் நான்கு நாள் வெளியூர் போனார்கள். சாவியைப் பஞ்சுவிடம் கொடுத்து, "ஜன்னலோரச் செடிக்குத் தண்ணி ஊத்துடா," என்றாள் அண்ணி.

ஊற்றினான். ஊற்றிவிட்டுத் திரும்பியபோது லென்ஸ் அவனைப் பார்த்தது.

(லென்ஸ் பார்க்காது, பஞ்சுதான் பார்த்தான். ஆனால் அந்த நேரத்தில் அவனிடம் கேட்டிருந்தால் லென்ஸ்தான் பார்த்தது என்றுதான் சத்தியம் செய்திருப்பான்.)

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். பஞ்சு கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அசட்டுத்தனத்திலும் செய்யவில்லை. அவன் தப்பு, சுத்தம் செய்பவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. 'இத்தனை அழுக்குக்கு நடுவிலேயே இப்படி எடுக்கிறாளே, கண்ணாடி சுத்தமாக இருந்தால் என்னதான் எடுக்கமாட்டாள்' என்று நினைத்தான். பூஞ்சை அவள் கையைத் தடுத்துக்கொண்டிருப்பதாக நம்பினான். அன்பினால்தான் தொட்டான்.

மாடிக்கு எடுத்துப் போனான். வழக்கப்படி முதலில் வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்தான். மேஜையில் துணி விரித்தான். பின்பக்க வளையத்தைத் திருகிக் கழற்றினான். எடுத்த வரிசையிலேயே திருகாணிகளை ஒரு மூடியில் வைத்தான். பதினேழு. ரப்பர் குமிழை அழுத்திக் காற்றடித்துத் தூசியை விரட்டினான். வாயால் ஊதுவது அவன் அகராதியிலேயே கிடையாது. மருந்து தொட்ட பஞ்சை நடுவில் வைத்து, வெளிப்பக்கமாக, வட்டம் வட்டமாக. முதல் சுற்றில் பூஞ்சை அசைந்தது. மூன்றாவது சுற்றில் ஓரம் விட்டது. ஜன்னலுக்கு வெளியே மத்தியானம் அப்படியே நின்றுபோயிருந்தது. தெருவில் எங்கோ ஒரு தையல் இயந்திரம் ஓடி ஓடி நின்றது. அவன் மூச்சு விடுவதும் அவனுக்கே கேட்டது.

ஐந்தாவது பஞ்சு வெள்ளையாகவே வந்தது.

வழக்கமாகப் பூஞ்சை கண்ணாடியின் மேற்பூச்சைத் தின்று வடு விட்டுப்போகும். இதில் வடுகூட இல்லை. அதிர்ஷ்டம் என்று நினைத்தான் பஞ்சு. அந்த அதிர்ஷ்டம் இல்லாதிருந்தால் அண்ணிக்குக் கொஞ்சம் பனியாவது மிஞ்சியிருக்கும்.

வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். கண்ணாடியே இல்லாததுபோல இருந்தது. பதினோரு வருட அரிப்பு ஒரே நொடியில் அடங்கியது. சந்தோஷத்தில் சீட்டியடித்தான். மீண்டும் பூட்டி, கீழே கொண்டுபோய், இருந்த இடத்தில் இருந்தபடி வைத்தான். அவளிடம் சொல்லப்போவதில்லை. அவளே பார்த்து, "என்னடா மாயம் பண்ணின?" என்று கேட்க வேண்டும். "அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணி," என்று தலை குனிந்து சொல்ல வேண்டும். அதைக் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தான்.

4

திரும்பி வந்ததும் முதலில் முக்காலியில் உட்கார்ந்தவர் ஓய்வு பெறப்போகும் தபால்காரர்.

"மூச்சை இழுக்காதீங்க. விடுங்க. இன்னும் கொஞ்சம் விடுங்க. இடது தோளை லேசா இறக்குங்க."

படத்தில் தபால்காரரின் முகம் இருந்தது. ஒவ்வொரு மயிர்க்காலும் இருந்தது. காலையில் சவரம் செய்தபோது விட்டுப்போன நாலு முடி தாடைக்குக் கீழே இருந்தது. தபால்காரர் நல்ல மனிதர். "நல்லா இருக்குங்க," என்றார். வாசலில் நிற்காமல் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அண்ணி கேமராவின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன இப்போ?" என்று அண்ணன் எட்டிப் பார்த்தான். "மூக்கு மூக்கு மாதிரி இருக்கு, காது காது மாதிரி இருக்கு. வேற என்ன வேணும்?"

"நான் எப்போங்க மூக்கை எடுத்தேன்?" என்றாள் அண்ணி.

ஒரு வாரம் என்னென்னவோ செய்து பார்த்தாள். பின்னால் தொங்கும் வெள்ளைத் திரையைத் துவைத்துப் போட்டாள். முக்காலியை நகர்த்தினாள். காலையில் எடுப்பதை மாலைக்கு மாற்றினாள். பள்ளி ஆசிரியை வந்தாள், பேருந்து ஓட்டுநர் வந்தார். எல்லோரிடமும் இடது தோளை இறக்கச் சொன்னாள். அவர்கள் இறக்கினார்கள். அந்தத் தோளில் இப்போது ஒன்றும் இல்லை. சட்டைத் தையல் மட்டும் தெரிந்தது.

மாடிப்படியில் உட்கார்ந்து பஞ்சு இதையெல்லாம் பார்த்தான். இரண்டாம் நாளே அவனுக்குப் புரிந்துவிட்டது. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்துவிட்டோம் என்று தெரிந்தது. அந்தப் பனி அவன் துடைத்தெறிந்த ஐந்து பஞ்சுகளில் போய்விட்டது.

எட்டாம் நாள் சாப்பிடும்போது அண்ணி தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல, சாதாரணமாகச் சொன்னாள்.

"கை போயிடுச்சு."

"எங்க போயிடுச்சு, சோத்துலதானே இருக்கு," என்றான் அண்ணன்.

அவள் சிரிக்கவில்லை. "தெருமுனைத் தையல்காரம்மா இடம் கேட்டுட்டே இருக்காங்க. முன்னறையை அவங்களுக்கே குடுத்துடலாம். சனிக்கிழமை சாவி வாங்கிக்க வரச் சொல்லியிருக்கேன்." பிறகு பஞ்சுவைப் பார்த்தாள். கொஞ்சம் அதிகமாகவே பார்த்தாள். "நீ என்னடா சொல்ற?"

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல உட்கார்ந்திருந்தான் பஞ்சு. "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துங்க," என்றான்.

அவன் நிலைமை இதுதான். உண்மையைச் சொன்னால், இருபது வருடம் ஊரே வாசலில் நின்று பார்த்த படங்களை எடுத்தது அவள் கை இல்லை, பூஞ்சை என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால், கை போய்விட்டது என்று நம்பியபடியே அவள் சனிக்கிழமை சாவியைக் கொடுத்துவிடுவாள். எது அவளை அதிகம் நோகடிக்கும்?

எனக்கும் தெரியவில்லை. இந்த இடத்தில் நோட்டை மூடினேன். இரண்டு வாரம் திறக்கவில்லை.

5

அந்த இரண்டு வாரத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வாக்கியம் கற்பனை இல்லை என்றேனே, அதுவும் இங்கேதான் இருக்கிறது.

என் வேலை மற்றவர்கள் எழுதியதைத் திருத்துவது. பதிப்பகத்தில் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, மிகையானதை எடுப்பேன். நான் தொட்டால் எதுவும் சுத்தமாகிவிடும் என்று பெயர்.

என் அக்கா முன்பு எழுதிக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருடத்துக்கு முன் நாற்பது பக்கக் கதை ஒன்றைக் கொடுத்து, "தட்டச்சு பண்ணி மட்டும் குடுடா," என்றாள். படித்தேன். ஒரே விஷயத்தை மூன்று தடவை சொல்லியிருந்தாள். இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது நடுவில் மழை வந்து இரண்டு பக்கம் பெய்தது. யார் பேசுகிறார்கள் என்பதே சில இடங்களில் கலங்கியிருந்தது. எனக்குக் கை அரித்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியமும் அழகாக முடியும்படி நாற்பதைப் பதினாறு பக்கமாக்கி, அவள் பெயரில் ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். வெளியிட்டார்கள். கடையில் வாங்கிய பிரதியை எடுத்துக்கொண்டு ஓடினேன். சமையலறையில் நின்றபடியே படித்தாள்.

"நல்லா இருக்குடா," என்றாள். "ரொம்ப சுத்தமா இருக்கு. மழை எங்க?"

"பத்திரிகைக்காரங்க கொஞ்சம் தொட்டிருப்பாங்க," என்றேன்.

அதன்பிறகு அவள் எழுதவில்லை. ஏன் என்று சில வருடம் கழித்து ஒருநாள் கேட்டேன். "உக்காந்தா வரமாட்டேங்குது. கை போயிடுச்சு," என்றாள்.

அண்ணி சொன்ன அந்த வாக்கியம் அக்காவுடையது. வேறு எதை அவளிடமிருந்து எடுத்தாலும் கேட்டு எடுத்திருக்க வேண்டும். இதையும் கேட்கவில்லை.

6

சரி, பஞ்சுவிடம் போவோம். அவனுக்குச் சனிக்கிழமை வரை இரண்டு நாள்தான் இருக்கிறது.*

* கேமரா தெரிந்த வாசகர் இந்நேரம் பொறுமை இழந்திருப்பார்: படத்தை மென்மையாக்கக் கடையில் வட்டக் கண்ணாடி விற்கிறதே, லென்ஸின் முன்னால் மாட்டினால் போதாதா? பஞ்சுவுக்கு அது தெரியாதா? தெரியும். அதைத்தான் முதலில் செய்தான்.

"புதுசா வந்திருக்கு அண்ணி, சும்மா மாட்டிப் பாருங்க," என்று நீட்டினான். மாட்டினாள். அண்ணனையே உட்காரவைத்து எடுத்தாள். அண்ணன் முகம் வெண்ணெய் தடவியதுபோல வந்தது.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் அண்ணி. "ஆனா இது எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி விழுது. அவரோட காதுக்கும் சுவத்துக்கும் வித்தியாசம் தெரியமாட்டேங்குது." கழற்றி அவன் கையில் வைத்தாள்.

அப்போதுதான் பஞ்சுவுக்கு உறைத்தது. பூஞ்சை ஒரு மூலையில்தான் அடர்த்தியாக இருந்தது. அந்த மூலைக்குள் இடது தோள் வந்து உட்காரும்படி ஒவ்வொருவரையும் அவள் இறக்கினாள். பனி எங்கே விழும், எவ்வளவு விழும், எந்த முகத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று அவள் கைக்குத் தெரிந்திருந்தது. அப்படியானால் படத்தை எடுத்தது பூஞ்சையா, கையா? அதைப் பிரித்தெடுக்கும் மருந்து அவனிடம் இல்லை.

அன்று மத்தியானம் அவள் தூங்கியபோது லென்ஸை ஜன்னலோரம் கொண்டுபோய், வாழ்நாளில் செய்யாததைச் செய்தான். வாயைத் திறந்து அதன் மேல் மூச்சு விட்டான். கண்ணாடி வெளுத்தது. கேமராவில் மாட்டி அவசர அவசரமாகச் செடியை ஒரு படம் எடுத்தான். திரையில் இலைகளைச் சுற்றி அந்தப் பழைய பனி இருந்தது. இன்னொன்று எடுப்பதற்குள் கண்ணாடி ஓரத்திலிருந்து தெளிந்து தெளிந்து, நடுவில் ஒரு காசு அளவுக்குச் சுருங்கி, போய்விட்டது. மறுபடி ஊதினான். மறுபடி போனது. எத்தனை முறை என்று அவனுக்குத் தெரியாது. ஜன்னல் காற்றில் அறையின் வெள்ளைத் திரை உள்ளே வந்து வந்து போயிற்று. அந்த நேரத்தில் யாராவது அவனைப் பார்த்திருந்தால், ஒரு கண்ணாடித் துண்டுக்கு மூச்சுக் கொடுத்து எழுப்பிக்கொண்டிருப்பதாக நினைத்திருப்பார்கள்.

'அந்த மூச்சில்தான் அவனுடைய இத்தனை வருட —'

(இதையும் விட்டுவிடுகிறேன். அவனுக்கு அழுகை வந்தது. அதைச் சொன்னால் போதும்.)

7

சனிக்கிழமை காலை ஒரு முடிவுக்கு வந்தான். பூஞ்சையைத் திரும்ப வளர்ப்பது.

சிரிக்காதீர்கள். முடியும். ஈரம், இருட்டு, கொஞ்சம் அசையாத காற்று, அவ்வளவுதான் அதற்கு வேண்டும். ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகலாம். மாட்டு வைத்தியர் உண்ணி வளர்க்கக் கிளம்பியதுபோல ஒரு வேலைதான். ஆனால் அவன் கணக்கில் எல்லாம் சரியாக இருந்தது. தையல்காரம்மாவை ஏதாவது சொல்லித் தள்ளிப்போட வேண்டும். அண்ணியைக் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொல்ல வேண்டும். ஈரப்பஞ்சோடு லென்ஸைத் தோல்பையில் மூடிவிட வேண்டும். யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணி குளிக்கப் போனாள். அண்ணன் கடைக்குப் போயிருந்தான். ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் பஞ்சும் எடுத்துக்கொண்டு பஞ்சு முன்னறைக்குள் போனான்.

லென்ஸின் தோல்பை சுவர் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். திறந்தபோதுதான் முதன்முறையாக அந்தத் தட்டைப் பார்த்தான். அந்தச் சுவருக்குப் பின்னால் குளியலறை. இப்போதும் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தொட்டுப் பார்த்தான், சுவர் சில்லென்று ஈரமாக இருந்தது. மேலே இரண்டு தட்டுகள் காய்ந்து, துடைத்து, காலியாக இருந்தன. முழங்கால் வலி என்று, கீழே விழுந்த துண்டைக்கூட அண்ணனைவிட்டு எடுக்கச் சொல்பவள், ஒவ்வொரு மாலையும் குனிந்து லென்ஸை இங்கேதான் வைத்திருக்கிறாள்.

தோல்பைக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. பஞ்சு அதை எடுத்துத் திறந்தான்.

உள்ளே அவன் கொடுத்த சிலிக்கா பொட்டலங்கள். எண்ணினான். பதினொன்று. ஒன்றின் உறையும் பிரிக்கப்படவில்லை. மணிகள் எல்லாம் கடையில் வாங்கிய அன்று போல நீலமாக இருந்தன.

தரையில் உட்கார்ந்துவிட்டான்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் ஈரத் தலையில் துண்டோடு அண்ணி வாசலில் வந்து நின்றாள். பாத்திரத்தைப் பார்த்தாள். அதிலிருந்த பஞ்சைப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள்.

"என்னடா தேடுற?" என்றாள்.

8

இனி முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

அ) பஞ்சு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். அண்ணி சிரிக்கிறாள், தலையில் ஒரு குட்டு வைக்கிறாள், தையல்காரம்மாவைத் திருப்பி அனுப்புகிறாள். (இப்படி ஒரு குட்டுக்காக நான் பத்தொன்பது வருடம் காத்திருக்கிறேன். அதனாலேயே இதை நம்ப முடியவில்லை.)

ஆ) அவள் மறதிக்காரி. பொட்டலங்களைப் பிரிக்க மறந்தாள், கீழ்த்தட்டில் வைத்தது வெறும் பழக்கம், பூஞ்சை தற்செயல். பஞ்சு வாயைத் திறக்காமல் ஈரப்பஞ்சை வைக்கிறான். ஒரு வருடத்தில் பனி திரும்புகிறது. எல்லோரும் சந்தோஷம், அவன் ஒருவனைத் தவிர.

இ) அவளுக்கு எல்லாம் தெரியும். பூஞ்சையை அவள்தான் வளர்த்தாள். தபால்காரரின் படத்தைப் பார்த்த அந்த நொடியிலேயே யார் கை பட்டது என்று கண்டுகொண்டாள். 'கை போயிடுச்சு' என்று அவள் சொன்னது தன் கையைப் பற்றிய புலம்பல் இல்லை, அவன் வாயைத் திறப்பதற்காகப் போட்ட தூண்டில். "நீ என்னடா சொல்ற?" என்று கேட்டு, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். அவன் குழம்பு கேட்டான்.

மூன்றில் எது? அண்ணியை உண்டாக்கியது நான்தான். ஆனாலும் அவள் எனக்குச் சொல்லமாட்டேன் என்கிறாள்.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெள்ளைச் சுவரிலிருந்து இந்தக் கதை வந்தது என்று ஆரம்பத்தில் சொன்னேன். அது பாதி உண்மை. கன்னத்துப் புள்ளியைப் பார்ப்பதற்காக அன்று அக்காவின் படத்தைத் திரையில் பெரிதாக்கினேன். புள்ளிக்குப் பக்கத்தில், அவளுக்குப் பின்னால், அவள் வீட்டுப் புத்தக அலமாரி. மேல்தட்டில் பழுப்புத் தாள் சுற்றிய ஒரு தபால் கட்டு. மூலையில் அந்தப் பத்திரிகையின் முத்திரை. எழுத்தாளருக்கென்று அவர்கள் தனியாக அனுப்பிய பிரதி. மேலே கட்டிய நூல்கூட அவிழ்க்கப்படவில்லை.

பத்தொன்பது வருடம். அந்த வீட்டுக்கு நான் எத்தனை முறை போயிருப்பேன்.

இதை அவளுக்குத்தான் முதலில் அனுப்புகிறேன், நின்றுபோன வாக்கியங்களோடு, அசடு வழியும் தொடக்கங்களோடு. இதுவரை வந்த வாசகர் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட வேண்டும்.

அக்கா, பத்திரிகைக்காரர்கள் இல்லை. நான்தான்.

அண்ணி இன்னும் வாசலில் நிற்கிறாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. பஞ்சு மடியில் பதினோரு பொட்டலங்களோடு தரையில் உட்கார்ந்திருக்கிறான். "அண்ணி," என்கிறான், "அந்த லென்ஸை நான்தான் —"

இங்கிருந்து நீ எழுது. அவள் என்ன சொன்னாள் என்று உனக்குத்தான் தெரியும். ஒன்றையே மூன்று தடவை சொன்னாலும் சொல். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் மழை வந்தால் வரட்டும், எத்தனை பக்கம் வேண்டுமானாலும் பெய்யட்டும். நான் கை வைக்கமாட்டேன்.